பதினொன்றே கால் மணிக் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு இணையத்தில் ஒரு குழு தொடங்கலாமா என்று கேட்டபோது, எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் மூன்று நிபந்தனைகள் போட்டார். பிள்ளைகளின் படம் இருக்கக் கூடாது. மாலை ஏழு மணிக்கு மேல் யாரும் எழுதக் கூடாது. குழுவில் எழுதப்படும் ஒவ்வொன்றையும் வாரா வாரம் அச்செடுத்து, பக்க எண் போட்டு, அலுவலகக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

"அது கம்ப்யூட்டர்லயே இருக்கும் சிஸ்டர்," என்றேன்.

"கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயிட்டா?"

"அது நம்ம கம்ப்யூட்டர்ல இல்ல சிஸ்டர். வேற எங்கயோ இருக்கு."

"எங்க?"

எனக்குத் தெரியவில்லை. அச்செடுக்க ஒப்புக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. திண்டுக்கல்லில் அந்தப் பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அன்று முதல் ஒவ்வொரு பாடம் முடிந்ததும், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டு வந்தேன். ஒருவருக்கும் இருந்ததில்லை. பதினைந்து வருடங்களாக நான் அதை என் கற்பித்தலுக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் நடந்த ஒரு பயிற்சி முகாமில்தான் இந்த எண்ணம் கலைந்தது. பயிற்சி கொடுக்க வந்த இளைஞர், வகுப்பில் கேள்வி வராவிட்டால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பேசக் கூச்சம் என்று அர்த்தம் என்றார். அப்போது கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வலைத்தளத்தில் கணக்கு வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் பிறந்தநாள் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே தளத்தில் வகுப்புக்கு ஒரு குழு வைத்தால், வாய் திறக்காத பிள்ளையும் எழுதும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பழைய மாணவிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் சந்தேகத்தோடு இருந்தன.

குழு தொடங்குவதற்கு அந்தத் தளம் ஒரு படிவம் நீட்டியது. பள்ளிக்கூடத்தின் வயது, திருமணம் ஆனதா ஆகாததா, எந்த மாதிரியான நட்பை நாடுகிறது என்றெல்லாம் கேட்டது. சிஸ்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் கண்ணாடி வழியாகப் படித்தார். "எதுக்கும் பதில் போடாதீங்க," என்றார். கடைசிவரை எங்கள் குழு எதையும் நாடாத குழுவாகவே இருந்தது.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். கணினியைத் தொட வாய்ப்பிருந்தவர்கள் பதினொரு பேர். பள்ளிக் கணினி அறையில் இணையம் இருந்தது ஒரே ஒரு கணினியில்தான். அதனால் அந்தப் பதினொரு பேர் குழுவில் எழுதுவது, நான் பதில் எழுதுவது, அந்தக் கேள்வி பதில்களை மறுநாள் கரும்பலகையில் எழுதி மற்ற நாற்பத்தொரு பேருக்கும் காட்டுவது என்று ஏற்பாடு. கணினியில் ஏறியது மறுபடி சாக்பீஸுக்கு இறங்கி வந்தது.

முதல் வாரம் பதினொரு பேரும் "குட் மார்னிங் டீச்சர்" என்று எழுதினார்கள். நான் பதினொரு பேருக்கும் பதில் வணக்கம் எழுதினேன். சிஸ்டர் இருபத்திரண்டு வணக்கங்களையும் அச்சில் பார்த்துவிட்டுப் பக்க எண் போட்டார். இரண்டாம் வாரம், இலை பச்சையாக இருக்கக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி போட்டேன். "சூப்பர் டீச்சர்" என்று நான்கு பதில்கள் வந்தன.

மூன்றாம் வாரம்தான் அந்தக் கேள்வி வந்தது. அப்போது தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவோம். அதைத் தமிழாக்கிப் படிக்க ஒரு நிமிடம் பிடித்தது. 'கொய்யாப் பழத்தை வெட்டினால் உள்ளே புழு இருக்கிறது. வெளியே தோலில் ஓட்டையே இல்லை. புழு எப்படி உள்ளே போனது?'

எழுதியிருந்தது ஜன்னலோரம் மூன்றாம் பெஞ்சில் உட்காரும் பெண். ஜூன் மாதத்திலிருந்து "உள்ளேன் டீச்சர்" தவிர அவள் எதுவும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு மார்பு விம்மியது. பயிற்சியாளர் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஈ, காய் பிஞ்சாகவோ பழுக்கும் பருவத்திலோ இருக்கும்போதே தோலில் ஊசிபோலக் குத்தி முட்டையை உள்ளே வைத்துவிடும், குத்திய இடம் பிறகு மூடிக்கொள்ளும், புழு உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்கிறது, வெளியிலிருந்து அது போகவே இல்லை என்று விரிவாக எழுதினேன்.

அதன்பின் வாரத்துக்கு மூன்று கேள்விகள் வந்தன. நம் ஊர்ப் போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டால் குழைந்துவிடுகிறது, அந்த உப்பு தண்ணீரை மாற்றுகிறதா பருப்பை மாற்றுகிறதா? சிறுமலை வாழைப்பழம் தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே நன்றாக இருக்கிறது, கடையில் விற்கும் மஞ்சள் பழம் ஏன் அப்படி இல்லை? சுற்றாமல் நிற்கும் சாமானில் தூசி படிகிறது சரி, ராத்திரி பகலாகச் சுற்றுகிற ஃபேன் இறக்கையில் எப்படித் தூசி படிகிறது?

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் இயற்பியல் எடுக்கும் என் தோழியிடம் போனேன். அவரும் தன் வீட்டு ஃபேனை நிறுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். இறக்கையை ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய காற்றடுக்கு இறக்கையோடேயே சுற்றுகிறது, இறக்கையிலிருந்து பார்த்தால் அது நின்ற காற்று, அதற்குள் வந்த தூசியை எதுவும் தள்ளுவதில்லை. ஆசிரியையாகச் சேர்ந்தபின் நான் புதிதாகக் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன். அறிவியல் மன்றத் தலைவியாக அவளைப் போட்டேன். "வேணாம் டீச்சர்," என்றாள். அதையும் அடக்கம் என்றே நினைத்தேன்.

அரையாண்டுத் தேர்வில் அறிவியல் மன்றத் தலைவி அறிவியலில் முப்பத்தொரு மதிப்பெண் வாங்கினாள். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். விடைத்தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சமையல் சோடாவின் வேதிப்பெயர் என்ன என்ற கேள்விக்கு 'உப்பு' என்று எழுதியிருந்தாள்.

பள்ளி திறந்ததும் சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் குழுவின் கோப்பு விரிந்திருந்தது. உலகத்திலேயே அதை முதல் பக்கத்திலிருந்து படித்த ஒரே ஆள் அவர்தான்.

"இந்தப் பொண்ணு நல்லா கேக்குதே."

"ஆமா சிஸ்டர்."

"செவ்வாய்க்கிழமை பதினொன்னே கால் மணிக்கு எழுதியிருக்கு. வியாழக்கிழமை பதினொன்னு இருபது. அடுத்த வாரமும் பதினொன்னே கால்." அச்சில் ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் நேரம் இருந்தது. நான் கேள்வியை மட்டும்தான் படித்திருந்தேன். "பதினொன்னே காலுக்கு ஒன்பது ஆ-வுல யார் கிளாஸ்?"

"என் கிளாஸ்தான் சிஸ்டர்."

"பொண்ணு லீவா?"

வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். அந்தப் பெண் ஒரு நாள்கூட லீவு இல்லை. அவள் கேள்வி கேட்ட அதே நேரத்தில் என் எதிரே மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து, சந்தேகம் இல்லாமல் இருந்திருக்கிறாள்.

மதிய இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"உன் பாஸ்வேர்டு வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"எங்கம்மாவுக்குத் தெரியும் டீச்சர்."

"நீ எழுதுறப்ப அவங்களும் பார்ப்பாங்களா?"

"எனக்கு பாஸ்வேர்டு தெரியாது டீச்சர்," என்றாள்.

அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "நான் வேணாம்னுதான் சொன்னேன் டீச்சர். நீங்க பாட்டுக்குக் கைதட்டச் சொல்லிட்டீங்க."

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கடைக்குப் போனேன். மணிக்கூண்டிலிருந்து பிரியும் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு வைத்து ஆறு கணினிகள், வாசலில் ஒரு ஜெராக்ஸ் மெஷின். கணவர் கணினி ரிப்பேருக்காக வெளியே போய்விடுவார். பகல் முழுக்கக் கடையைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்ணின் அம்மா. நான் போனபோது யாரோ ஒருவரின் வேலை விண்ணப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். விரல்களைப் பார்க்காமல் தட்டினார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. காபி சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். கோபமாக இருக்கத் தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், வகுப்பில் ஐம்பத்தொரு பேரை வீணாகக் கைதட்ட வைத்திருக்கிறேன் என்ற எரிச்சல் பஸ் ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தது. கடைக்குள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் கண் தானாக அதன் இறக்கைக்குப் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"அந்த ஃபேன்தானுங்க டீச்சர்," என்றார்.

பிறகு அவரே சொன்னார். பிறந்தது பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. அப்பாவுக்குச் சொந்தத் தோப்பு இல்லை. ஊர்த் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் கொய்யா விற்றவர். எட்டாவது முடித்ததும் பழம் பொறுக்க ஆள் வேண்டும் என்று இவர் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"புழு எப்படிங்க உள்ள போச்சுன்னு எங்கப்பாகிட்டக் கேட்டேனுங்க. வியாபாரி முன்னாடி கேட்டுப்புட்டேன். ஒரே அறை." கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். "நீங்க குரூப் ஆரம்பிச்சப்போ பாப்பா ஒண்ணும் எழுத மாட்டேன்னுட்டா. குட் மார்னிங்கூட நான் போட்டதுதானுங்க. மத்த பிள்ளைங்கல்லாம் எழுதுது, டீச்சர் தப்பா நினைப்பாங்களேன்னு நான் அந்தப் புழுக் கேள்வியைப் போட்டு விட்டேன். நீங்க ஒரு பக்கத்துக்குப் பதில் போட்டீங்க. அதுக்கப்புறம் நிறுத்த முடியலீங்க. தப்புங்களா டீச்சர்?"

தப்புதான் என்று சொல்ல வேண்டிய இடம்.

"பாப்பா பேருல எழுதினதுதான் தப்பு," என்றேன். "அவ பாவம், நான் தலைவியெல்லாம் ஆக்கிட்டேன்."

"சொன்னாளுங்க. ரெண்டு நாள் சாப்பிடல." அவர் முகம் வாடிவிட்டது. விண்ணப்பம் கொடுத்தவர் வந்து கேட்க, அதை அச்செடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "கேள்வியெல்லாம் சரியா இருந்துச்சுங்களா டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு."

"சும்மா சொல்லாதீங்க."

"நிஜமாத்தான். தனித்தேர்வரா பத்தாவது எழுதலாமே நீங்க? நான் சொல்லித் தர்றேன்."

"எழுதி என்னங்க செய்ய?"

"சர்டிபிகேட் கிடைக்கும்."

"அந்தப் புத்தகத்துல ஃபேன் தூசி வருதுங்களா?"

வராது என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தண்டனை இருக்கும் என்று நினைத்தேன், யாருக்கு என்றுதான் தெரியவில்லை. அவர் கோப்பைப் புரட்டினார். "பதிவேட்டுல பேர் இல்லாதவங்க கேள்வி கேக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல," என்றார். "அவங்க பேருலயே கேக்கட்டும். பிரிண்ட் மட்டும் விட்டுறாதீங்க."

அந்தப் பெண்ணின் அம்மா தன் பெயரில் கணக்குத் தொடங்கிக் குழுவில் சேர்ந்தார். அன்றைக்கே 'மல்லிகை ஏன் சாயங்காலம் பார்த்து விரிகிறது' என்று கேட்டார். அந்த வாரத்தோடு மற்ற பிள்ளைகளின் எழுத்து நின்றது. அந்தப் பத்துப் பேரும் வேறொரு குழு தொடங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் நானும் இல்லை, எந்த அம்மாவும் இல்லை. "ஏம்மா எழுத மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அவுங்க அம்மா இருக்காங்கள்ல டீச்சர், எங்கம்மாகிட்டப் போயிச் சொல்லிருவாங்க," என்றாள். எதைச் சொல்லிவிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆக, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் கற்றல் குழுவில் நானும், எட்டாவதோடு நின்ற ஒரு பெண்மணியும் மிஞ்சினோம். வாராவாரம் அச்செடுத்தேன்.

பிப்ரவரியில் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். புதிய முறையில் கற்பிக்கும் பள்ளிகளைப் பார்க்க வருகிறார் என்று தகவல். சிஸ்டர் கோப்பை எடுத்து வைத்தார். மகள் பெயரில் வந்த கேள்விகள் இருக்கும் பக்கங்களை மட்டும் எடுத்துவிடலாமே என்று கேட்டேன்.

"நம்பர் போட்டாச்சே டீச்சர்," என்றார்.

அதிகாரி சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு ஒன்பது 'ஆ'வுக்கே கோப்போடு வந்துவிட்டார். நின்றபடியே புரட்டினார். வணக்கங்கள் பகுதியை வேகமாகத் தாண்டினார். பிறகு ஒரு பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அருமையான கேள்வி. கொய்யாப்பழத்துக்குள்ள புழு எப்படிப் போச்சு. இதைக் கேட்ட பிள்ளை யாரு?"

வகுப்பு மொத்தமும் ஜன்னலோரம் திரும்பியது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது எங்கம்மா கேட்டது சார்."

"அம்மாவா? அம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டாவது சார்."

அதிகாரி அடுத்த பக்கம் திருப்பினார். "பருப்பு?"

"அதுவும் அம்மாதான் சார்."

"ஃபேன்?"

"அம்மா சார்."

"நீ என்னதாம்மா கேட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கல சார்."

"ஏன்?"

"எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல சார்."

வகுப்பு சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: அந்தப் பெண், சிஸ்டர், நான். அதிகாரி சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் நின்றார்.

"சரி, புழு எப்படித்தான் போச்சு? அதாவது தெரியுமா?"

"போகல சார். அங்கயேதான் பொறந்துச்சு. ஈ வந்து காயைக் குத்தி முட்டையை வச்சிட்டுப் போயிரும். குத்துன தழும்பு மூடிரும். வெளிய பார்த்தா தெரியாது." ஒரே மூச்சில் சொன்னாள். நான் ஒரு பக்கத்துக்கு எழுதியதை அவள் நான்கு வரியில் முடித்துவிட்டாள். "எங்கம்மா சோறு போடுறப்பல்லாம் இதைத்தான் சார் சொல்லும்."

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். போகும்போது ஆய்வுக் குறிப்பில் எழுதினார்: 'பெற்றோர் பங்கேற்பு பாராட்டத்தக்கது.' சிஸ்டர் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்த்துப் பக்க எண் போட்டார்.

அன்று மாலை பள்ளி விட்டதும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "டீச்சர், தலைவியா வேற ஆளைப் போட்டுக்கிறீங்களா? எனக்கு கோ-கோ பிராக்டீஸ் இருக்கு," என்றாள். அவள் என்னிடம் தானாக வந்து பேசியது அதுதான் முதல் முறை. போட்டுக்கொள்கிறேன் என்றேன். ஆண்டுத் தேர்வில் நாற்பத்திரண்டு வாங்கித் தேறினாள். கோ-கோ அணி மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வந்தது. அவள் அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்பதை அவர்கள் வாங்கி வந்த வெற்றிக் கோப்பையைக் கண்ணால் பார்த்தபின்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவள் பத்தாவது முடித்ததும் அவர்கள் கடையை விட்டார்கள். வீட்டுக்கு வீடு கணினி வர ஆரம்பித்திருந்தது. கடைக்கு ஆள் வரவில்லை. கணவருக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போய்விட்டது. அம்மாவுக்குக் கணினி இல்லாமல் போனது. குழுவில் நான் மட்டும் இருந்தேன். சிஸ்டரிடம் சொன்னதும், "இனிமே பிரிண்ட் வேண்டாம்," என்றார்.

ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் வந்து, போன் வந்திருக்கிறது என்றார். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடினேன்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? மண்டி போன்லருந்து பேசறேனுங்க. மூட்டை மூட்டையா வெங்காயத்துக்கு நடுவுல உக்காந்திருக்கேன், கண்ணு ஒண்ணும் பண்ணல. ஒரே ஒரு வெங்காயத்தை அரிஞ்சா மட்டும் ஏனுங்க எரியுது?"

வெங்காயத்துக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனி அறையில் இருக்கின்றன, கத்தி பட்டதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, அந்தக் கலப்பில் பிறக்கிற ஆவிதான் கண்ணுக்கு வருகிறது என்றேன். சிஸ்டர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும், "அப்ப முழு வெங்காயத்துல அந்த ஆவியே கிடையாதா?" என்று கேட்டார். கிடையாது என்றேன். "ம்," என்றார்.

மாதம் இரண்டு முறையாவது அப்படி அழைப்பு வந்தது. பெரும்பாலும் நான் வகுப்பில் இருக்கும் நேரம்தான். சிஸ்டர் ஒரு முறையும் தடுக்கவில்லை. அந்தக் கோடை விடுமுறைக்குப் பிறகு அழைப்பு வரவில்லை. மண்டியின் எண் அலுவலகக் குறிப்பேட்டில் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். அவர் கேட்பார், நான் சொல்வேன் என்றே பழகிப்போயிருந்ததால், நானாக அவரிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்துவிட்டேன். அந்த வருடம் ஒன்பது 'ஆ'வில் ஐம்பத்தைந்து பேர். பாடத்தில் இல்லாவிட்டாலும் வெங்காயத்தை நடத்தினேன்.